எடையைவிட நீளத்தைப் பாருங்கள்

உங்கள் .243 வின்செஸ்டர் துப்பாக்கியில் 105 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு 100 கஜத்தில் இலக்குக் காகிதத்தை நீளவாக்கில் கிழிக்கிறது என்கிறீர்கள். வெடிமருந்து அளவை மாற்றி இது சரியாகாது. குண்டு பறக்கும்போதே புரண்டுவிடுகிறது. குழலின் புரி, அதாவது உள்ளே திருகுபோல ஓடும் வரிப்பள்ளம், இவ்வளவு நீளமான குண்டுக்குப் போதுமான சுழற்சியைத் தரவில்லை.

பழைய .243 துப்பாக்கிகளில் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அடிப்பகுதி குறுகிய அந்த நீளமான 105-க்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் புரி வேண்டும். 1955-இல் ரெமிங்டன் நிறுவனம் .244 துப்பாக்கியை 12 அங்குலப் புரியோடு வெளியிட்டு இதே சிக்கலில்தான் மாட்டியது. கூர்முனை 100 கிரெய்ன் குண்டுகள் அதில் நிலைக்கவில்லை. பிறகு 1963-இல் 9 அங்குலப் புரியோடு, 6 எம்எம் என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

முதலில் உங்கள் குழலை அளந்துவிடுங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, இறுக்கமான துணியோடு துப்புரவுக் கம்பியை உள்ளே தள்ளுங்கள். கம்பி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் போகிறதோ, அதுதான் புரி.

அப்புறம், 100 கிரெய்னுக்கான மருந்து அளவையே 105-க்கும் போட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மேகசினுக்குள் அடங்க நீளக் குண்டை ஆழமாக அமர்த்தும்போது தோட்டாக் கூட்டுக்குள் இடம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. மீதமுள்ள தோட்டாக்களைப் பிரித்துவிடுங்கள். மான் வேட்டைக்கு அடிப்பகுதி தட்டையான 100 கிரெய்ன் தாராளமாகப் போதும். தோட்டா நிரப்பும் கையேட்டில் அதற்குள்ள குறைந்தபட்ச மருந்து அளவிலிருந்து தொடங்குங்கள்.