டெய்லி ஃபேன்டஸி ஃபுட்பாலில் டேட்டா மாடல் என்ன செய்கிறது?

அமெரிக்க ஃபுட்பாலில் அன்றைய ஆட்டங்களுக்கு மட்டும் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி சேர்ப்பதுதான் டெய்லி ஃபேன்டஸி; அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி கிடைக்கும். டிராஃப்ட்கிங்ஸ் என்ற ஃபேன்டஸி தளத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை உண்டு; 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் அணியின் 9 இடங்களை நிரப்ப வேண்டும். அந்த விலைக்கு யார் அதிகப் புள்ளி தருவார் என்று பழைய ஆட்டங்களை வைத்துக் கணிப்பதே மாடல்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் எடுக்கும் வியாபாரி நேற்றைய விலையை மட்டுமா பார்க்கிறார்? மழை, வரத்து, நாளை முகூர்த்தமா என்று எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மூட்டையில் கை வைக்கிறார். மாடலும் அப்படித்தான். ஒரு வீரர் போன வாரம் டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) அடித்தாரா என்பதைவிட, பந்து எத்தனை முறை அவர் பக்கம் வீசப்பட்டது என்பதற்கே அதிக எடை. டச்டவுனில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். வாய்ப்பு பெரும்பாலும் வாரா வாரம் தொடரும்.

மாடல் இருந்தால் ஜெயிப்பது உறுதி என்று பலர் நம்புகிறார்கள். அது தருவது சராசரிக் கணிப்பு மட்டுமே. வீரர் ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே காயம்பட்டு வெளியேறினால் அன்றைக்கு அந்தக் கணக்கு எடுபடாது.