கடலூரில் முனைவர் பட்டம் முடித்தவர் கருவளர்ச்சி ஆய்வில் அடுத்த இடத்தை எப்படித் தேடுவது?

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டதாகவும், கருவளர்ச்சி செல் உயிரியலில் முதுமுனைவர் ஆய்வுக்கான (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விளம்பரங்கள் கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கையே, விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக ஆய்வகத் தலைவருக்கே எழுதுங்கள்.

நான் பரங்கிப்பேட்டையில் நண்டுக் கருக்களை ஆராய்ந்தவன். விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய்ச் சினை நண்டு வாங்கி வருவேன். வயிற்றடி முட்டைக்கொத்து மஞ்சளாக இருந்தால் கரு இளசு. கறுத்துவிட்டால் கருவுக்குக் கண் உருவாகிவிட்டது, சீக்கிரம் பொரிந்துவிடும். அப்படிக் கறுத்த முட்டை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தபோது உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

ஆனால் நான் முதலில் அனுப்பிய கடிதங்களில் நண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "தங்கள் மேலான ஆய்வகத்தில் பணியாற்ற விழைகிறேன்" என்று ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறும். எவரும் பதில் போடவில்லை. பிறகு ஆய்வகத் தலைவர் ஒருவருடைய கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு மீனான வரிக்குதிரை மீனின் கருவில் இதயச் செல்கள் இரு பக்கங்களிலிருந்தும் நடுக்கோட்டுக்கு நகர்ந்து ஒன்றுசேர்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டுவது எது, நண்டிலும் அதே ஏற்பாடுதானா என்று கேட்டு, என் படங்கள் இரண்டை இணைத்தேன். பதில் வந்தது: இடம் தருகிறேன், உதவித்தொகையை நீங்கள் கொண்டுவர வேண்டும்.

அந்த உதவித்தொகைகளில், எம்போ என்னும் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு தருவது இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால், நாள்களை இப்போதே எண்ணத் தொடங்குங்கள். எச்எஃப்எஸ்பி என்னும் பன்னாட்டு ஆய்வு நிதியமைப்பு தருவது மூன்று ஆண்டுகளுக்கு. பட்டம் பெற்ற நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போக வேண்டும், ஆய்விலும் புதிய திசை வேண்டும். ஊரை விட்டு வெகுதூரம் போக மனமில்லை என்றால் பெங்களூரு என்சிபிஎஸ், ஹைதராபாத் சிசிஎம்பி, மும்பை டிஐஎஃப்ஆர் ஆகிய மூன்று ஆய்வு நிறுவனங்களிலும் கருவளர்ச்சியை ஆராயும் நல்ல குழுக்கள் இருக்கின்றன.

சின்ன ஊர்க்காரி என்று தயங்காதீர்கள். ஆய்வகங்களில் வழக்கமாக ஆராயும் பழ ஈயையும் வரிக்குதிரை மீனையும் வளர்க்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முட்டையின் நிறத்தைப் பார்த்தே கருவின் வயதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

பரிந்துரைக் கடிதம் தருவோரிடம் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். என் முதல் விண்ணப்பம் அந்த ஒரு கடிதம் வராமல்தான் வீணானது.