கிடங்குத் தீக்குப் பின் நிற்காத இருமல்

வணக்கம். தெருமுனைப் பிளாஸ்டிக் கிடங்கு எரிந்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் உங்கள் தாயாருக்கு இருமல் நிற்கவில்லை, தாளிக்கும் நெடிக்கே இருமுகிறார், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது; ஒரு குழாயில் பலமாக ஊதச் செய்யும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் அது பிடிபடும். பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு மூச்சுக்குழாயின் உட்சவ்வை அரிப்பதால், சிலருக்கு எந்த நெடியையும் தாங்காத நிலை மாதக்கணக்கில், அரிதாக ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2014 பிப்ரவரியில் ஹேசல்வுட் நிலக்கரிச் சுரங்கம் தீப்பற்றி 45 நாள் எரிந்தது. பக்கத்து மோர்வெல் நகரத்தாரை மோனாஷ் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, நாள்பட்ட இருமல் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அங்கே எரிந்தது பழுப்பு நிலக்கரி என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் புகையடங்கியதும் பாதிப்பும் அடங்கிவிடும் என்று சொல்வோருக்கு அது நல்ல பதில். நெஞ்சக நோய் மருத்துவரிடம் தீ விபத்தைத் தேதியோடு சொல்லுங்கள். சளிப் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள்; காசநோயும் இப்படி இருமலாகவே தொடங்கும். பரணில் கரி படிந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த வேலையைத் தாயாரிடம் விடாதீர்கள்.