காத்திருக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். என் வாசிப்பெல்லாம் பஸ்ஸில்தான். ஜேன் ஆஸ்டனின் 'பெர்சுவேஷன்' நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். புதுச்சேரியில் இருக்கும் என் அத்தை கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். "இதையும் படிச்சுப் பாருடி" என்று தன்னுடைய பழைய 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' புத்தகத்தைக் கொடுத்தார். பக்கமெல்லாம் பென்சில் கோடு. சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் வளர்ந்த அத்தைக்கு இந்தக் கதை என்றால் உயிர். எனக்கோ மூன்று மாதம் இழுத்து, கடைசியில் ஏமாற்றமாகிவிட்டது. நாயகி ஃபேனியும் அவள் பெரியம்மா மகன் எட்மண்டும் சேர்ந்தபோது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. அண்ணன் முறையில் இருப்பவனைக் கட்டிக்கொள்வதா என்றும் உறுத்தியது. எனக்குப் பொறுமை இல்லையா? "எப்படி இருந்தது?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார். உண்மையைச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'பெர்சுவேஷன்' நாவலை மூன்று முறை படித்தவருக்கா பொறுமை இல்லை? ஆன் எலியட்டும் கேப்டன் வென்ட்வொர்த்தும் எட்டு வருடம் பிரிந்திருந்து, மறுபடி பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வந்து சேர்ந்த பிறகும், பாதிப் புத்தகம் வரை மனம்விட்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதை ரசித்த உங்களுக்கு மெல்லக் கனியும் காதல் பிடிக்காமல் போக வழியில்லை. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' உங்களைக் காத்திருக்க வைத்தது தவறில்லை. அவ்வளவு நேரம் உட்கார வைத்துவிட்டு, வர வேண்டியது வரும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டது. குறை அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கு உறுத்திய முறை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மிடையே அத்தை மகனும் மாமன் மகனும் கட்டிக்கொள்கிற முறை. பெரியம்மா மகன் அண்ணன். ஃபேனியின் அம்மாவும் எட்மண்டின் அம்மாவும் உடன்பிறந்த அக்கா தங்கைகள் என்பதால் நமக்கு அது தொண்டையில் சிக்குகிறது. அன்றைய இங்கிலாந்தில் அந்த வேறுபாடு இல்லை, சட்டமும் தடுக்கவில்லை. அதனால் முறையை வைத்து ஆஸ்டனைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். பத்து வயது ஃபேனியைக் கொண்டுவந்து வளர்க்கலாமா என்று பேசும்போது, நாளைக்கு நம் பையன்கள் யாராவது அவளை விரும்பிவிட்டால் என்று எட்மண்டின் அப்பா சர் தாமஸ் தயங்குகிறார். கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒரே வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்குள் அப்படி எதுவும் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்கிறாள் ஃபேனியின் இன்னொரு பெரியம்மா மிஸஸ் நாரிஸ்.

ஆக, அந்தத் தடையை முதல் அத்தியாயத்திலேயே ஆஸ்டன்தான் நட்டு வைக்கிறார். அண்ணன் பாசமாக இருந்தது எந்த நாளில், எந்தப் பார்வையில் காதலாக மாறியது? இந்த நாவல் நமக்குக் காட்டியே தீர வேண்டிய இடம் அது ஒன்றுதான். அழுதுகொண்டிருந்த சின்னப் பெண்ணுக்கு, அவள் சொந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதத் தாள் எடுத்துக் கொடுத்த நாளிலிருந்து எட்மண்ட் நல்லவன்தான். ஆனால் புத்தகம் முழுக்க அவன் தான் காதலிக்கும் மேரி கிராஃபோர்டைப் பற்றி ஃபேனியிடமே புலம்பிக்கொண்டிருக்கிறான். 48ஆவது அத்தியாயம், அதாவது கடைசி அத்தியாயம், வந்த பிறகு, அவன் மனம் எவ்வளவு நாளில் மாறியது என்று நான் சொல்லப்போவதில்லை, அவரவர் விருப்பம்போல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஆசிரியரே எழுதிவிடுகிறார். மேரியை மறந்தான், ஃபேனியை விரும்பினான், முடிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி எனக்கும் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் நம் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறவன் மேரியின் சகோதரன் ஹென்றி கிராஃபோர்டு. விளையாட்டாக ஃபேனியின் மனதைக் கலைக்க வந்தவன், தானே அகப்பட்டுக்கொள்கிறான். போர்ட்ஸ்மத்தில் அவளுடைய இரைச்சலான ஏழை வீட்டுக்கு வந்து, அவள் அப்பாவிடம் மரியாதையாகப் பேசுகிறானே, அந்த இடத்தில் எனக்கே மனம் சாய்ந்தது. பிறகு எட்மண்டின் கல்யாணமான தங்கை மரியாவோடு அவன் ஓடிப்போன செய்தி பத்திரிகையிலும் கடிதத்திலுமாக வந்து விழுகிறது. அவன் நேர்மையாக நிலைத்திருந்தால் ஃபேனி அவனுக்குக் கிடைத்திருப்பாள் என்றும் ஆசிரியர் சொல்கிறார். அவன் விழுந்ததும் நம் கண்ணுக்கு மறைவில், எட்மண்ட் எழுந்ததும் மறைவில். படிக்கிறவளுக்கு என்ன மிச்சம்?

இப்போது 'பெர்சுவேஷன்' பக்கம் வாருங்கள். மொத்தம் 24 அத்தியாயம், மற்றதில் சரிபாதி. ஆனால் ஒவ்வொரு படியும் நம் முன்னால் நடக்கிறது. குனிந்து நோயாளிப் பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆனின் முதுகில் இரண்டு வயதுக் குறும்பன் தொங்குகிறான். பின்னாலிருந்து யாரோ அவனைத் தூக்கிவிடுகிறார்கள். அது வென்ட்வொர்த் என்று தெரிந்ததும் நன்றி சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. இன்னொரு நாள் நெடுந்தூரம் நடந்து களைத்தவளை, எதுவும் பேசாமல் தன் அக்காவின் வண்டியில் ஏற்றிவிடுகிறான். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அவள் களைப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. இதைத்தான் நான் மெல்லக் கனிவது என்பேன். இரண்டு பேருக்குள்ளும் ஏதோ நகர்கிறது, அது நமக்கும் தெரிகிறது.

அந்த முடிவும் ஆஸ்டனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1816 ஜூலையில் முதலில் அவர் எழுதிய முடிவு வேறு. ஆன் தன் உறவினன் எலியட்டைக் கட்டிக்கொள்ளப்போகிறாளா என்று கேட்டு வரச் சொல்லி, வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட் அவனையே அனுப்புகிறார். அவன் கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டனுக்குத் திருப்தி இல்லை. மூன்று வாரத்துக்குள் அதைத் தள்ளிவிட்டு, நமக்குத் தெரிந்த அந்த விடுதிக் காட்சியை எழுதினார். ஆன் ஒரு பக்கம் வென்ட்வொர்த்தின் நண்பன் ஹார்வில்லிடம் யார் அதிக நாள் மறக்காமல் இருப்பார்கள் என்று பேசிக்கொண்டிருக்க, மேஜையில் எழுதிக்கொண்டிருந்த வென்ட்வொர்த்தின் கையிலிருந்து பேனா நழுவி விழுகிறது. பிறகு கையுறையை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்து கடிதத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். கைவிட்ட பழைய பக்கங்கள் அவர் கையெழுத்திலேயே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1814இல் வெளிவந்த 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' முடிவை அவசரமாகக் கடந்தவர், பிறகு ஒரு காட்சிக்காக இப்படி மெனக்கெட்டிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் இன்னும் பிரியம் கூடுகிறது.

சரி, அத்தை விஷயம். கட்டாயம் சொல்லுங்கள். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வந்தபோது வீட்டாரும் நண்பர்களும் என்ன சொன்னார்கள் என்று ஆஸ்டன் ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' அளவுக்கு இது பிடிக்கவில்லை, ஃபேனி சப்பென்று இருக்கிறாள் என்று சொன்னது அவருடைய சொந்த அம்மா. அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். எழுதியவரே வாங்கி வைத்துக்கொண்ட பேச்சை, பல வருடம் வகுப்பில் மாணவர்களின் கருத்தைக் கேட்டுப் பழகிய உங்கள் அத்தை தாங்க மாட்டாரா?

ஆனால் அதற்கு முன் உங்கள் கடிதத்தையே ஒரு முறை படித்துப் பாருங்கள். அத்தை பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஃபேனியும் அப்படித்தானே வளர்ந்தாள்? குளிர்காலத்திலும் அடுப்பு மூட்டாத அந்தக் கிழக்கு அறையில் தன் புத்தகங்களோடு அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கணப்பு வேண்டாம் என்று உத்தரவு போட்டவளே சொந்தப் பெரியம்மா மிஸஸ் நாரிஸ்தான். ஹென்றி பெண் கேட்டதைச் சொல்ல ஒரு நாள் உள்ளே வந்த சர் தாமஸ் அதைப் பார்த்து, இனி தினமும் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். மறுபடி அறைக்கு வந்து நெருப்பு எரிவதைப் பார்த்ததும் ஃபேனிக்கு நம்பவே முடிவதில்லை. அத்தை அந்தப் புத்தகத்தை எட்மண்டுக்காகப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போனில் வேண்டாம். காதல் ஏமாற்றிவிட்டது என்று முதலில் நேராகச் சொல்லிவிடுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் கிழக்கு அறை வரும் பக்கத்தைத் திறந்து, பென்சில் கோடு எங்கே இருக்கிறது என்று அத்தையிடம் காட்டி, அவரைப் பேசவிடுங்கள்.