வாசகர் கேள்வி: கழிவுநீர்த் தொட்டியை எப்போது இறைப்பது?

கேள்வி: மொரீஷியஸ் கியூர்பிப்பில் வசிக்கிறோம். செப்டிக் டேங்க்கைத் திறந்து ஏழு ஆண்டுகளாகின்றன. பெருமழைக்குப் பின் குளியலறை நீர் மெதுவாக இறங்குகிறது. தைப்பூசக் காவடிக்கு உறவினர் வருமுன் நுண்ணுயிர்ப் பொடி போட்டால் போதுமா?

பதில்: போதாது. கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றால் செரிக்க இயலாத பகுதி ஆண்டுதோறும் அடியில் சேறாகப் படிந்து, மேலே மிதக்கும் எண்ணெய் ஏட்டுடன் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்வதால், சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரியை அழைத்தே ஆகவேண்டும். ஏழு ஆண்டு என்பது, மன்னிக்கவும், அதிகம்.

எனினும் மழை ஓய்ந்து மண் சற்று வடியும்வரை பொறுத்திருங்கள். ஈரம் ஊறிய நிலத்தில் தொட்டியை முழுதும் காலி செய்தால், குறிப்பாக அது பிளாஸ்டிக் தொட்டியாயின், நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடக்கூடும். இறைத்த பின்னும் நீர் தேங்கினால், குறை தொட்டியில் இல்லை, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியில் இருக்கலாம்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவோ, உள்ளே இறங்கவோ வேண்டாம்; அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளில் மயக்கிவிடும். விருந்துச் சமையலின் பொரித்த எண்ணெயையும் தொட்டியில் சேரும் வடிகாலில் ஊற்றாதீர்கள்.