மார்கழியில் மலைமேல் காவல்: வாசகர் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்து பங்களாவில் 16 வருஷம் வாச்சராக இருந்தவர் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, நாகர்கோவிலில் மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம். மலையில் அப்படி என்ன குளிர்? (வாசகர், வடசேரி)

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக 6 டிகிரி குறையும் தம்பி. அந்தக் குளிரை ஒரு கம்பளி தாங்கிவிடும். தாங்க முடியாதது ஈரம்தான். அக்டோபரில் பிடிக்கிற வடகிழக்கு மழை டிசம்பர் வரை விடாது. விட்டாலும் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பேன். நாளைக்கு எரிக்க வேண்டிய விறகை இன்றைக்கே அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் காலையில் கட்டன் காப்பிகூடக் கிடையாது. சுக்கும் நல்லமிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி, ராத்திரிக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். எனக்குக் குளிர்காலம் என்றால் இதுதான்.

கிராம்பு பறிக்கிற காலமும் இதுதான். பச்சை மொட்டு இளஞ்சிவப்பாகும்போது பறித்துவிட வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்தால்தான் அந்தக் கரும்பழுப்பு நிறம் வரும். 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மஞ்சைப் பார்த்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரு கைப்பிடி கிராம்புக்குள் எவ்வளவு பாடு இருக்கிறது என்று.

தினமும் அதே பாதையில் நடந்தீர்களாமே, அலுக்கவில்லையா? (வாசகி, குலசேகரம்)

ஓடையிலிருந்து பங்களாத் தொட்டிக்கு வரும் பைப் வழியாக மேலே ஏறி, தோட்டத்து எல்லையைச் சுற்றிக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரம். பைப் வாயை இலை அடைத்திருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் தினமும் அதே இடத்தைப் பார்த்ததால், நேற்று இல்லாதது இன்றைக்கு இருந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். சேற்றில் மிளா மானின் குளம்பு பதிந்திருக்கும். ஈற்றை என்கிற காட்டு மூங்கில் ஒடிந்து கிடக்கும். ஆனைச் சாணத்தில் ஆவி பறந்தால் ஆனை பக்கத்தில்தான் நிற்கிறது, பேசாமல் திரும்பிவிடுவேன். மஞ்சுக்குள் கண்ணைவிடக் காதுதான் உதவி. கருமந்திக் குரங்கு ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால் அங்கே சிறுத்தையோ புலியோ இருக்கலாம். புது ஆட்கள் பேசிக்கொண்டே நடக்கும்போது எனக்கு மனசு பதறும்.

பயந்த நாள் உண்டா? (வாசகர், தக்கலை)

உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மரங்கள் முறிகிற சத்தம் ராத்திரி மட்டுமில்லை, பகல் முழுக்கவும் கேட்டது. சமையலறைக் கூரை போய்விட்டது. நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வெட்டுகத்தியோடு இறங்கினேன். இரண்டு மணி நேரப் பாதைக்கு அன்றைக்குப் பகல் முழுவதும் ஆனது. விழுந்த மரத்துக்கு மேலே ஏறியும் அடியில் நுழைந்தும் வந்தேன். பாதையே இல்லாத இடங்களில் ஓடைச் சத்தத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்காரி வாசலில் நின்று அழுதது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நானாவது வீடு வந்து சேர்ந்தேன். கடலுக்குப் போன எத்தனையோ பேர் வரவில்லை. அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் அவர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

அட்டைக்கு என்ன செய்வது? (வாசகர், அருமனை)

பிடித்து இழுக்காதீர்கள், கடிவாய் புண்ணாகும். நகத்தை அடியில் கொடுத்துத் தள்ளுங்கள், அல்லது உப்பு வையுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் கொஞ்ச நேரம் வடியும். பயப்பட வேண்டாம்.

நண்பர்கள் ஐந்து பேர் ஜனவரியில் மலை ஏற நினைக்கிறோம். (வாசகர், மார்த்தாண்டம்)

நல்ல மாதம்தான். மழை ஓய்ந்திருக்கும், அட்டையும் குறைந்திருக்கும். ஆனால் இது சரணாலயக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்துப் பாதைகளும் இருக்கின்றன. வழிகாட்டியோடு போகலாம். பழக்கம் இல்லை என்றால் முதலில் மருந்துவாழ் மலையில் விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகை அங்கேதான் இருக்கிறது. அங்கேயே மூச்சு வாங்கினால் இன்னும் ஒரு மாதம் நடந்து பழகிவிட்டுப் போங்கள்.

அப்புறம், எந்த மலையானாலும் நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள். கையில் டார்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மஞ்சுக்குள் அடித்தால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும், காலடி தெரியாது.