தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மில் படம்: எந்த மில், எந்த ஆண்டு?

கேள்வி: என் தாத்தா புதுச்சேரியில் மில் தொழிலாளி. அவருடைய டிரங்குப் பெட்டியில் சில பழைய படங்கள் கிடைத்தன. ஒன்றில் மில் கட்டடத்துக்கு முன்னால் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். இன்னொன்று கடற்கரைப் படம். ஒரு தபால் அட்டையும் இருக்கிறது. மில் படம் 1936 போராட்டத்தின்போது எடுத்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். எந்த மில், எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கேன்களைப் பார்த்தேன். 1936 என்பதை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். அந்த ஆண்டு ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மில் குடும்பங்களில் அந்த நாளை மறந்தவர் யாரும் இல்லை. அதனாலேயே, மில் வாசலில் நாலு பேர் நிற்கும் எந்தப் படமும் காலப்போக்கில் '1936 படம்' ஆகிவிடுகிறது. உங்கள் படத்தில் முன்வரிசை தரையில் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் நாற்காலியில் ஒருவர் மாலையோடு இருக்கிறார், எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். இது ஆற அமர ஏற்பாடு செய்து எடுத்த குழுப்படம். பணி ஓய்வாக இருக்கலாம், ஆயுத பூஜையாகவும் இருக்கலாம்.

ஒரு படத்துக்கு இரண்டு வயது உண்டு. காட்சியைக் காமிரா பிடித்த ஆண்டு ஒன்று, உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான ஆண்டு இன்னொன்று. இரண்டும் முப்பது நாற்பது ஆண்டு தள்ளி இருக்கலாம். முன்பு ஒரு குடும்பத்துக்கு, படத்தில் இருந்தவர்களின் தலைப்பாகையையும் கோட்டையும் மட்டும் பார்த்து, இந்தப் பிரிண்ட் 1930-களைச் சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு தாளைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அது பிளாஸ்டிக் பூச்சுள்ள ரெசின் தாள் என்று தெரிந்தது. 1970-களுக்கு முன் கறுப்பு வெள்ளைக்கு அந்தத் தாள் புழக்கத்தில் இல்லை. யாரோ மூலப்படத்தைத் திரும்பப் படம்பிடித்து எடுத்த நகல் அது. மூலப்படம் வேறொரு சித்தப்பா வீட்டில் இருந்தது. அன்றிலிருந்து படத்துக்குள் பார்க்கும் முன் தாளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

தாளை எப்படிப் பார்ப்பது? ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா ஒளி டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இருட்டறையில் படத்தின் பின்பக்கம் அடியுங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டும் ரசாயனம் கலந்த தாள் அது. ஏறக்குறைய 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகே அது வந்தது. ஒளிராமல் மங்கலாகக் கிடந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. எல்லாத் தாளிலும் அதைக் கலக்கவில்லை என்பதால், ஒளிர்வது பலமான சாட்சி, ஒளிராதது பலவீனமான சாட்சி. அப்புறம் படத்தைச் சாய்த்துப் பிடித்து ஓரங்களைப் பாருங்கள். கறுப்பான இடங்களில் கண்ணாடி போல நீலப் பளபளப்பு தெரிந்தால், ஜெலட்டின் தாளில் வெள்ளி மேலே கசிந்திருக்கிறது என்று பொருள். நம் கடலோர ஈரப்பதத்தில் இது நிறையவே நடக்கும். தாள் மிக மெல்லியதாக, கனமான அட்டையில் ஒட்டி, வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருந்தால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் பிரிண்டாக இருக்கலாம். அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உங்கள் பெட்டியில் அது இருப்பதாகத் தெரியவில்லை.

இனி மில் படத்துக்குள் போவோம். வலது மூலையில் கம்பத்தில் ஒரு கொடி தொங்குகிறது. கம்பத்தை ஒட்டிய பட்டையும் நடுப்பட்டையும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. வெளிப்பட்டை மட்டும் கன்னங்கரேல். காமிராவில் வைத்த பழைய கண்ணாடி பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, அது கறுப்பாக விழும். நீலம் வெளுத்துப்போகும். ஆக நீலம், வெள்ளை, சிவப்பு என்ற பிரெஞ்சுக் கொடி அந்தப் பிளேட்டில் இப்படித்தான் பதியும். புதுச்சேரியில் ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. படம் அதற்கு முந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். பின்வரிசையில் இரண்டு பேர் காந்தி குல்லாய் அணிந்திருக்கிறார்கள். அந்தக் குல்லாய் ஊர் ஊராகப் பரவியது ஒத்துழையாமை இயக்கத்தோடு, 1920-21 வாக்கில். உட்கார்ந்திருப்பவர் கையில் கடிகாரம் இருக்கிறது. ஆண்கள் கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

எந்த மில் என்பதற்கு அந்தக் கூரையைப் பாருங்கள். ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கூரை அது. தறிக்கூடத்துக்குள் நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்பதற்காக, செங்குத்தான கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கி வைப்பார்கள். உங்கள் படத்தில் அந்தக் கண்ணாடிகள் நம்மைப் பார்க்கின்றன. அப்படியானால் காமிரா வடக்கே நின்று தெற்கு பார்க்கிறது. இடக்கைப் பக்கம் கிழக்கு. ஆட்களின் நிழல் வலப்பக்கமாக நீள்வதால் நேரம் காலை. புகைபோக்கி கூரைக்குப் பின்னால் வலப்பக்கம் நிற்கிறது, அதாவது தென்மேற்கில்.

ஒரு எச்சரிக்கை: பிளேட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். உங்கள் படத்தில் அப்படியே இருக்கிறது, ஆகவே திரும்பவில்லை.

சரி, இந்தத் திசைக் கணக்கை வைத்துக்கொண்டு செல்போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, மூன்று மில் வளாகங்களையும் பாருங்கள்: பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்று அழைக்கப்பட்ட ரோடியர் மில், சுதேசி மில் ஆன சவானா மில், பாரதி மில் ஆன கெப்ளே மில். கூடத்துக்கு வடக்கே திறந்த முற்றமும் தென்மேற்கே புகைபோக்கியும் எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். புகைபோக்கியே இடிந்திருந்தாலும் கூரைகளின் வரிசை பல நேரம் காட்டிக்கொடுக்கும். ரோடியர் 1898-ல் தொடங்கியது, ஆனால் எல்லாக் கட்டடமும் அந்த ஆண்டே வந்துவிடவில்லை. அதனால் மில் தொடங்கிய ஆண்டை வைத்துப் படத்தின் ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள். மில் சங்கு ஊதியதும் வேலைக்கு ஓடிய தலைமுறையில் யாராவது தெருவில் இருந்தால், ஆண்டைக் கேட்காதீர்கள். "இந்த வாசல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். ஆண்டு மறந்துவிடும், நடந்துபோன வழி மறக்காது.

கடற்கரைப் படம் சுலபம். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1866-ல் வந்து 1952 புயலில் போனது. அது முழுசாக நின்றால் படம் இந்த இரண்டுக்கும் நடுவில். பாலத்துக்கு எதிரே செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் சிலை இருந்தால் 1870-க்குப் பின். அதே தூண்களுக்கு நடுவே காந்தி சிலை நின்றால் 1960-களுக்கு முன் இல்லை. முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 1938-ல். உங்கள் படத்தில் அது இல்லை, ஆனால் சட்டகம் அந்தப் பக்கம் போகவே இல்லையே! இல்லாத பொருளை வைத்து ஆண்டு சொல்வதற்கு முன், அது இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பழைய கலங்கரை விளக்கம் 1836 முதல் நிற்பதால் ஆண்டுக்கு உதவாது, இடத்துக்கு மட்டும் உதவும்.

தபால் அட்டையில் படத்தைவிட முதுகு முக்கியம். பிரான்சில் 1903 முடிவு வரை முகவரிப் பக்கத்தில் சேதி எழுதக்கூடாது. அதனால் ஆட்கள் படத்தின் ஓரத்திலேயே எழுதினார்கள். உங்கள் அட்டையின் முதுகில் நடுக்கோடு இருக்கிறது, ஆக 1904-க்குப் பின். தபால்தலையில் விலை உள்ளூர் நாணயமான பணம் (ஃபனோன்), காசு (காஷ்) கணக்கில் போட்டிருக்கிறது, பிரெஞ்சுச் சில்லறையான சாந்தீமில் இல்லை. பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் அந்த மாற்றம் 1923-ல் வந்தது. இது அட்டை போய்ச் சேர்ந்த காலம்தான். பழைய அட்டையைக் கடைக்காரர் பல ஆண்டு வைத்து விற்றிருக்கலாம்.

ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் விடாதீர்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின் போட்ட முத்திரை. கடலூர் ஸ்டுடியோ முகவரியில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1993-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்.

மில் படத்துக்கு நான் எழுதித் தருவது இதுதான்: '1920-க்குப் பின், 1954 நவம்பருக்கு முன், காலை நேரம், தெற்கு நோக்கிய காட்சி.' 1936-ம் அதற்குள் அடங்கும், அவ்வளவுதான். இதைச் சுருக்க உங்களால் முடியும். அதே பெட்டியில் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் தாத்தா என்றால், அவர் பிறந்த ஆண்டோடு முகத்தின் வயதைக் கூட்டுங்கள். இருபது வயதுப் பையனா, நாற்பது வயதுக்காரரா என்பது பத்திருபது ஆண்டைச் சட்டென்று கழித்துவிடும்.

எல்லாப் படத்தையும் முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே கூடாது. ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கவேண்டாம், பின்பக்கத்தில் இருக்கும் எழுத்து அதோடு போய்விடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை மின்வடிவில் பாதுகாத்திருக்கிறார்கள். ஸ்கேனோடு அங்கே ஒருமுறை போய்வாருங்கள். வீட்டில் கண்டுபிடித்ததைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல், மெல்லிய பென்சிலில் ஓரமாக எழுதுங்கள். யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். '1936 என்று பெரியம்மா சொன்னார்' என்பதும் அதில் இருக்கட்டும்.